செவிலியின் நாக்கு

எங்கள் பெண்ணுக்கு ஒன்றரை வயதானபோது பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினோம். திருப்பூரில் இது லேசுப்பட்ட காரியமில்லை. கை கால் நன்றாக இருக்கிற பெண்கள் எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பாத்திரம் துலக்க ஒரு மணி நேரம் வந்து போவதற்கு ஆள் கிடைக்கும். நாள் முழுக்க ஒரு குழந்தையோடு கட்டுண்டு கிடக்க யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. மூன்று வாரம் அலைந்த பிறகு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டேன். உதடு ஒட்டியது, பிரியவில்லை. கண் மூடிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. முதலெழுத்து மட்டும் வந்து வந்து உடைந்தது. நான் என்ன செய்தேன்? தமிழ் எம்.ஏ. படித்தவன் செய்வதைச் செய்தேன். அந்த முதலெழுத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தேன். மூன்று பெயர் சொன்னேன். மூன்றும் தப்பு.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வல்லினத்தில் தொடங்கும் பெயர் என்பது போதும். திக்கிப் பேசுகிறவர்களில் பலருக்குச் சொந்தப் பெயர்தான் ஆகக் கடினமான சொல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்ற சொற்களுக்கு மாற்றுச்சொல் உண்டு. 'தண்ணி' வராவிட்டால் 'குடிக்க' என்று சொல்லிச் சமாளிக்கலாம். வாழ்நாள் முழுக்க அப்படி வார்த்தைகளைத் தாண்டித் தாண்டிப் பேசுகிற ஒருவர், எந்தத் தமிழாசிரியரையும்விட ஒருபொருட் பன்மொழியில் தேர்ந்தவர். பெயருக்கு மட்டும் மாற்று கிடையாது. நாமோ அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

வெட்கப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு கருத்தரங்கில் தெலூஸின் திக்குவாய் பற்றிய கட்டுரையை வைத்து நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். பாத்திரங்களைத் திக்க வைப்பது பெரிய விஷயமில்லை, மொழியையே திக்க வைப்பவன்தான் எழுத்தாளன் என்பது தெலூஸின் வாதம். கெராசிம் லூக்காவின் கவிதையை அதற்கு எடுத்துக்காட்டுவார். அதிகாரத்தின் சரளத்துக்கு எதிரான கலகம் திக்கல் என்று நான் முடித்தபோது கைதட்டினார்கள். அந்தக் கலகம் வாசலேறி வந்து "எ...எ...எத்தன மணிக்கு வரோணுங்க" என்று கேட்டபோது நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டில் இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒன்று மனைவி கேட்டது: "பாப்பாவுக்கு ஏதாச்சும்னா போன்ல சொல்ல முடியுமா அவங்களால?" இரண்டாவது என் அம்மா கேட்டது: "புள்ளைக்கு ஒட்டிக்காதா சாமி?"

முதல் கேள்வி நியாயமானது. வேலையைப் பற்றிய கேள்வி. அதற்கு விடையும் சுலபமாகக் கிடைத்தது, அதைச் சொன்னவரும் அவரேதான். போன் செய்வேன், பேச்சு வந்தால் சொல்வேன், வராவிட்டால் நீங்கள் கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு ஒருநாள் நண்பகலில் போன் வந்தது. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போனால் குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, நெற்றியில் ஈரத்துணி, பையில் துணிமணி, கையில் மருத்துவச் சீட்டு. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சரளமாகப் பேசுகிற எத்தனையோ பேர் இதைவிடத் தெளிவாக ஒரு செய்தியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மாவின் கேள்விதான் என்னை அலைக்கழித்தது. ஏனென்றால் அது என் அம்மாவுடைய கேள்வி மட்டுமல்ல. அதற்கு இரண்டாயிரம் வருஷத்து வரலாறு இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியன் குவின்டிலியன், ஒரு பேச்சாளனை உருவாக்குவது எப்படி என்று பன்னிரண்டு பாகங்களில் எழுதினான். முதல் பாகம் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கவில்லை, தொட்டிலிலிருந்து தொடங்குகிறது. செவிலியின் பேச்சு குற்றமற்றதாக இருக்க வேண்டும். ஒழுக்கம் முதலில் என்றாலும் பேச்சும் முக்கியம், ஏனென்றால் குழந்தை முதலில் கேட்பது அவளைத்தான் என்கிறான். கிரிசிப்பஸ் என்ற தத்துவவாதி, முடிந்தால் செவிலிகள் ஞானமுள்ள பெண்களாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டதையும் நினைவூட்டுகிறான். புதுக் கலத்தில் ஏறிய முதல் வாசனை போகாது என்பது அவன் சொல்லும் உவமை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ரோமானிய மேட்டுக்குடி வீடுகளில் செவிலி யார்? பெரும்பாலும் அடிமைப்பெண். பிடித்து வரப்பட்ட, விற்கப்பட்ட, லத்தீனைத் தாய்மொழியாகக் கொள்ளாத பெண். ஏறத்தாழ அதே காலத்தில் தாசிட்டஸ் எழுதிய உரையாடலில், பிள்ளையைப் பெற்றதும் ஏதோ ஒரு கிரேக்க அடிமைச் சிறுக்கியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள், அதனால்தான் ரோமின் பேச்சுக்கலை சீரழிந்தது என்று ஒரு பாத்திரம் அங்கலாய்க்கிறது. பேரரசின் பேச்சு கெட்டுப்போனதற்குப் பால் கொடுத்தவள் பொறுப்பு! அவளுடைய பால் வேண்டும், இடுப்பு வேண்டும், தூக்கம் வேண்டும். நாக்கு மட்டும் ஆகாது. இந்த ஒதுக்கலை நாம் எங்கே பார்த்திருக்கிறோம் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மரபு இதில் எப்படி? சங்க அகப்பாட்டில் செவிலிக்குக் கூற்று உண்டு. பெற்ற தாயை நற்றாய் என்று தனியே குறித்துவிட்டு, வளர்த்தவளுக்கு எந்தெந்த இடங்களில் பேச்சுரிமை என்று தொல்காப்பியம் விதி வகுக்கிறது. தோழியே செவிலியின் மகள்தான் என்கிறது. மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய், அவள் தயிர் பிசைந்த விரலோடு சமைத்துக் கணவனுக்குப் போட்டதைப் பார்த்துவந்து நற்றாயிடம் சொல்கிறவள் குறுந்தொகையின் செவிலி. என்ன சரளம்! ஆனால் அது புலவனின் சரளம். கூலிக்கோ சோற்றுக்கோ பிள்ளை வளர்த்த ஒரு பெண்ணின் நாக்கு நம் பிரதிகளுக்குள் நேராக நுழைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மனிதப் பிறவியின் எட்டு எச்சங்களை நலங்கிள்ளிக்கு அடுக்கிச் சொல்கிறார். குருடு, கூன், குள்ளம், ஊமை, செவிடு என்று போகிற அந்தப் பட்டியல் கொடுமையானது. குறையுடலைப் பயனற்ற பிறப்பு என்று ஒதுக்குவது. ஆனால் திக்குவாய் அதில் இல்லை. பழைய அகராதிகளில் 'கொன்னை' என்ற சொல் இருக்கிறது, கொன்னைவாய் என்பார்கள். சொல் இருந்தும் எச்சக் கணக்கில் அது ஏறவில்லை. மன்னனுக்கு அறிவுரை சொன்ன புலவருக்குத் திக்குவாய் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லையா, ஊமைக்குள் அடக்கிவிட்டாரா? ஊமைக்குள் அடக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். இன்றைக்கும் நாம் அதைத்தான் செய்கிறோம்: வாயைத் திறக்க நேரமாகிறவரை வாயில்லாதவர் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

இன்னொன்று, தால். பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவம். தால் என்றால் நாக்கு, நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று வகுப்பில் எழுதிப்போட்டார்கள், நாங்களும் எழுதிக்கொண்டோம். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான். பக்கத்து அறையில் தொட்டில் ஆடுகிறது. பாட்டு வருகிறது. ஓரெழுத்துக்கூட உடையவில்லை. மாமன் அடிச்சானோ, அத்தை அடிச்சாளோ என்று அத்தனை வல்லினங்களும் வழுக்கிக்கொண்டு போகின்றன. திக்கிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாடும்போது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும், கைக்குழந்தையிடமோ ஆடு மாடுகளிடமோ பேசும்போதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது என் மகள் கேட்ட பேச்சும் நான் கேட்ட பேச்சும் ஒன்றல்ல. அவளிடம் அவர் திக்கவேயில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் திக்கியதில் பாதிகூட இல்லை. எங்களிடம் பேசும்போது குறுக்கே என்ன வந்து நின்றதோ அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: முதலாளி.

பிள்ளை பார்ப்பவளுக்கு நாம் வைத்திருக்கும் 'ஆயா' என்ற பெயரே போர்த்துக்கீசியம். ஆயா கப்பலேறி வந்த சொல், பிறகு கப்பலேறிப் போன ஆளும்கூட. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிப்போய், கரையிறங்கியதும் கைவிட்ட கதைகள் ஏராளம். அப்படி நிர்க்கதியானவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 1900இல் அது ஹாக்னிக்கு மாறியது. அந்த இல்லத்து வாசலில் நினைவுப்பலகை வைக்க 2022 ஆகவேண்டியிருந்தது.

அந்தத் துரைமார் வீடுகளில் நடந்த பேச்சு அரசியலுக்குச் சாட்சி கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்தவர். ஏகாதிபத்தியத்தின் பாணர் என்று நாம் ஏசுகிற அதே ஆள். ஆயாவிடம் கதையும் பாட்டும் கேட்டுவிட்டு, சாப்பாட்டு அறைக்குப் பெற்றோரிடம் அனுப்பப்படும்போது 'இனி இங்கிலீஷில் பேசு' என்று எச்சரித்து அனுப்புவார்களாம். சிந்தித்ததும் கனவு கண்டதும் இந்துஸ்தானியில். அதை மொழிபெயர்த்துத் தடுக்கித் தடுக்கித்தான் தாய் தந்தையிடம் பேசினேன் என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். ஆளப் பிறந்த பிள்ளை தாய்மொழியில் தடுமாறுகிறது! அந்தப் பீதியின் பெயர்தான் 'சீ-சீ' உச்சரிப்பு. ஆயாவிடமிருந்தும் ஆங்கிலோ-இந்தியர்களிடமிருந்தும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் அஞ்சிய பேச்சு. வெயிலும் காலராவும் காரணம் என்று சொல்லித்தான் ஐந்தாறு வயதில் பிள்ளைகளைக் கப்பலேற்றினார்கள். இந்த நாக்கும் காரணம். கிப்ளிங்கும் 1871இல் போனார்.

ரோமில் அந்நிய லத்தீன், பம்பாயில் சீ-சீ. நம் வீடுகளில்? வேலைக்காரியோடு சேர்ந்து சேரிப்பேச்சு பேசுகிறான் என்று பையனை அடித்த வீடுகள் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்கு ஆள் தேடுகிறவர்கள் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினால் நல்லது என்கிறார்கள். ஒட்டும் என்று அஞ்சப்படுகிற சரக்கு மாறிக்கொண்டே வருகிறது. வர்க்கத்தையும் சாதியையும் ஒலியாக்கி, அந்த ஒலியை நோயாக்கி, நோய் தொற்றும் என்று சொல்வது மாறவில்லை. திக்குவாய் இந்த வரிசையில் ஓர் ஓரத்தில் நிற்கிறது என்றாலும் வரிசை அதுதான். திக்குகிற ஒரு மேலதிகாரியின் மடியில் பிள்ளையை உட்காரவைக்க யாரும் தயங்கிப் பார்த்ததில்லை.

மருத்துவம் இந்தப் பேச்சுக்குள் நுழைந்ததும் குற்றவாளி மாறினார். முதலில் நாக்கே குற்றவாளி. 1841இல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், திக்குகிறவர்களின் நாக்கின் அடிப்பகுதியிலிருந்து ஆப்பு வடிவில் சதையை அறுத்தெடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு. அந்தக் கொடுமை சீக்கிரமே கைவிடப்பட்டது. நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை வேறு ஆள்மேல் எழுதப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜான்சன் தானே திக்கிப் பேசியவர். சிறுவயதில் ஓர் ஆசிரியர் இந்தப் பையன் திக்குகிறான் என்று பெற்றோரிடம் சொன்னதிலிருந்துதான் தனக்கு அது நிலைத்தது என்று நம்பினார். எல்லாக் குழந்தைகளும் தட்டுத்தடுமாறித்தான் பேசத் தொடங்குகின்றன. அதை ஒரு பெரியவர் 'திக்கல்' என்று பெயரிட்டுக் கண்டிக்கத் தொடங்கும்போது அது திக்கலாகிவிடுகிறது என்பது அவர் கோட்பாடு. நோய் குழந்தையின் வாயில் இல்லை, பெற்றோரின் காதில் இருக்கிறது என்று அதைச் சுருக்கலாம். பெயரிடுதலின் வன்முறை பற்றி ஃபூக்கோவைப் படித்த நமக்கு இது தேனாக இனிக்கும். ஆனால் அதைச் சோதிக்க அவர்கள் என்ன செய்தார்கள்? 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் நகரத்து அநாதை விடுதியிலிருந்து 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரிடம், உனக்குத் திக்குவாய் வரும் அறிகுறி இருக்கிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களைக் கண்காணித்துத் திருத்தும்படி விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களிடமும் சொல்லப்பட்டது. ஐந்தாறு மாதத்தில் குழந்தைகள் ஒடுங்கிப்போனார்கள். பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆய்வேடு அச்சேறாமல் நூலகத்தில் கிடந்தது. விஷயம் தெரிந்த சக ஆய்வாளர்கள் அதற்கு 'அரக்க ஆய்வு' என்று பெயர் வைத்தார்கள். 2001இல் ஒரு நாளிதழ் விரிவாக எழுதிய பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. யாருடைய பிள்ளைகள் சோதனைக்குக் கிடைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கேட்க ஆளில்லாத பிள்ளைகள், கூலிக்குப் பார்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகள்.

அந்த ஆய்வில் யாருக்கும் உண்மையில் திக்குவாய் உண்டாக்கப்படவில்லை என்றே பிறகு அதை மறுபரிசீலனை செய்தவர்கள் சொன்னார்கள். உண்டாக்கப்பட்டது பயம். ஆனால் ஜான்சனின் கோட்பாடு அதற்குள் பல பத்தாண்டுகள் கோலோச்சிவிட்டது. அமெரிக்கத் தாய்மார் ஒரு தலைமுறை முழுக்கத் தங்கள் பதற்றத்தால்தான் பிள்ளைக்குத் திக்கல் வந்தது என்று குமைந்தார்கள். ரோமில் செவிலி, அயோவாவில் தாய். இரண்டு முறையும் பெண் சிக்கினாள். தந்தையின் காது எந்தக் கோட்பாட்டிலும் பெரிதாக அடிபடவில்லை!

இப்போது அறிவியல் வேறு இடத்தில் நிற்கிறது. திக்குவாய் பெருமளவு பிறவியோடும் மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தோடும் தொடர்புடையது, குடும்ப வழியாக வருவது. 2010இல் டென்னிஸ் டிரேனா குழுவினர் பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வின் வழியே, சில மரபணு மாற்றங்களை இதோடு முதல்முறையாகத் தொடர்புபடுத்தினார்கள். சிறுபிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் ஏதாவதொரு கட்டத்தில் திக்குகிறார்கள், அதிலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள். பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுபோகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே தங்குகிறது. பார்த்துக்கொள்கிறவரிடமிருந்து ஒட்டுவதில்லை. சட்டமோ இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் பேச்சு கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடு வந்துவிட்டது. ஆனால் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவை குரல்வளை அகற்றலும் பக்கவாதம் போன்றவற்றால் வரும் மொழியிழப்பும்தான். வெறுமனே திக்குகிற ஒருவர் அதற்குள் நுழையப் போராட வேண்டும். முதுகண்ணன் சாத்தனாரின் பட்டியலிலும் விடுபட்டவர், நாடாளுமன்றத்தின் பட்டியலிலும் வாசற்படியில் நிற்கிறார்.

இவ்வளவையும் நான் படித்தது பிற்பாடு. வீட்டில் நடந்தது அதற்கு முன்பே நடந்துவிட்டது.

மகளுக்கு இரண்டேகால் வயதானபோது "பா...பா...பாட்டி" என்றாள். பிறகு தண்ணி, பிறகு தோசை. அவரை அவள் கூப்பிட்ட பெயரிலேயே முதலெழுத்து இரட்டித்திருந்தது. அவர் பெயர் அதுதான் என்று நினைத்திருக்கிறாள், அப்படித்தானே காதில் விழுந்தது. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "நான் அன்னிக்கே சொன்னேனில்ல" என்றார். மனைவி அழுதாள். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார், எல்லாம் கேட்டது. அடுத்த நாள் நான் ஒரு மாதச் சம்பளம் ஒன்பதாயிரத்தைக் கவரில் போட்டுக் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு நாங்களே பார்த்துக்கிறோங்க என்றேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

என் பெரியப்பாவுக்குத் திக்குவாய். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அதை வீட்டில் யாரும் பேசமாட்டோம். அத்தைகளின் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அவர் எண்பது வயதில் செத்துப்போனபோது கூட்டத்தில் ஒருவர் 'அமைதியான மனுஷன்' என்றார். மகள் திக்கிய அன்றைக்கு அவர் முகம் எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எந்த ஆராய்ச்சியையும் படிக்காமலே எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்த ஒன்று அது. ஆனாலும் குற்றத்தைச் சம்பளம் வாங்குகிறவரிடம் விட்டுவிட்டோம்.

நாலைந்து மாதத்தில் மகளின் திக்கல் இருந்த இடம் தெரியாமல் போனது. அதற்கப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போவதாகச் சொன்னார். அங்கே பேச வேண்டியதில்லை, மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, பி.எஃப். பிடிக்கிறார்கள். வரமுடியாது என்று சொல்லி முடிக்க நேரமாயிற்று. இந்த முறை நான் வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "பா...பாப்பா... பேசறாளுங்களா? தி...திக்குதுங்களா இன்னும்?"

இல்லைங்க, நின்னுபோச்சு என்றேன். அவர் தோள் இறங்கியது. இத்தனை மாதமும் தன்னால்தான் என்று நினைத்திருக்கிறார். அப்போதுதான் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடு ஒட்டியது, பிரிந்தது.

"அத... அத... அன்னைக்கே சொல்லீருக்கலாமுங்களே சார்."